டிரைவர், மெக்கானிக், முதலாளி: மூணும் ஒரே ஆள்

மரக்காணத்துல ராத்திரி ஒன்பது மணிக்கு மேல பக்கிங்ஹாம் கால்வாய்க்கரைப் பக்கம் போய் நின்னா, நிலா இல்லாத நாள்லயும் வெள்ளையா தெரியும். உப்பு அம்பாரம். அது பக்கத்துல வரிசையா லாரிகள். லோடுமேன் அண்ணன்கள் மூட்டையை ஏத்திட்டு இறங்கினதும் தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டி, ஒவ்வொண்ணா ஈ.சி.ஆர். ஏறும். அதுல ஒரு வண்டி எங்க அப்பாவோடது. ஆறு சக்கரம், சுமார் பத்து டன். ஓட்டறது அப்பா, ஓனர் அப்பா, பஞ்சர் ஆனா ஜாக்கி போடறதும் அப்பா. அம்மா கணக்கு நோட்டு எழுதுவாங்க. எங்க கம்பெனி அவ்வளவுதான்.

மூணாவது வருஷ செமஸ்டர் லீவுல இந்த வண்டியில சென்னைக்கு பதினோரு டிரிப் கூடவே போனேன். அப்பதான் ஒரு விஷயம் உறைச்சுது. மரக்காணத்துலேருந்து சென்னை நூத்திச் சொச்சம் கிலோமீட்டர். ஓடறதுக்கு மூணு, மூணரை மணி நேரம் போதும். ஆனா நகரத்துக்குள்ள பகல்ல பெரிய வண்டி நுழைய முடியாத ரோடுகள் இருக்கு. குடோன் இருக்கிற சந்துல லாரி திரும்பாது. விடியறதுக்குள்ள இறக்கி முடிக்கலன்னா அடுத்த ராத்திரி வரைக்கும் ஓரங்கட்டி நிக்கணும். என் நோட்டுக் கணக்குப்படி பதினொண்ணுல ஏழு டிரிப்ல ஓடின நேரத்தைவிட நின்ன நேரம் அதிகம்.

அதனால எனக்கு ஒரு யோசனை. ஊருக்கு வெளியவே பெரிய வண்டியை நிறுத்தி, சந்துக்குள்ள போக ஒரு சின்ன வண்டி. அதை நான் ஓட்டறேன். வீட்ல இதைச் சொன்னதும் மூணு நாள் யாரும் என்கூட சரியா பேசல. கேம்பஸ் இன்டர்வியூ வரப்போற நேரத்துல பையன் ஸ்டீயரிங் பிடிக்கிறேன்னு சொன்னா எந்த அப்பாவுக்குத்தான் பிடிக்கும்? அவர் லாரி டியூ கட்டினதே நான் அதுல ஏறக்கூடாதுன்னுதான்.

அந்த மூணு நாள்ல நான் தேடிப் படிச்ச ஆள்தான் ஜி.டி.நாயுடு. நமக்கெல்லாம் அவரைத் தெரியும். ஸ்கூல் பாடத்துல வருவார், சிம்போசியம் போஸ்டர்ல எடிசன் பக்கத்துல வருவார். 2025 அக்டோபர்ல கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டுல திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பேர்தான். ஆனா ரேசர், மோட்டார், கார்னு அடுக்கிக்கிட்டே போறவங்க, இதுக்கெல்லாம் முன்னாடி அவர் ஒரே ஒரு வண்டி வச்சு ஓட்டின டிரைவர்ங்கறதை ஒரு வரியில தாண்டிடறாங்க. எனக்கு அந்த ஒரு வரிதான் வேணும். அதனால இந்தக் கட்டுரை அங்கதான் ரொம்ப நேரம் நிக்கும்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23, கோயம்புத்தூர் பக்கத்துல கலங்கல் கிராமம். விவசாயக் குடும்பம். சின்ன வயசுலயே அம்மா தவறிட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரல. வாத்தியார் மேல மண்ணள்ளிப் போட்ட கதை கோவைப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஆரம்பப் பள்ளியோட படிப்பு நின்னுது. அப்புறம் அப்பாவோட தோட்டத்துல வேலை. ஆனா படிக்கிறதை விடல. கையில கிடைச்சதைத் தானா படிச்சுக்கிட்டே இருந்தார். பிற்காலத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜுக்கே முதல்வரா உக்காரப் போற ஆளோட கல்வித் தகுதி இதுதான். அந்தக் கதைக்குப் பின்னாடி வரேன்.

ஒருநாள் கிராமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிள்ல வந்தார். ரட்ஜ்னு இங்கிலாந்து கம்பெனி வண்டி. மாடு இழுக்கல, குதிரை இழுக்கல, ஆனா வண்டி ஓடுது. பையன் அதுலயே விழுந்துட்டான். அந்த வண்டி எனக்கு வேணும்னு முடிவு பண்ணி, ஊரை விட்டுக் கோயம்புத்தூர் போய், ஒரு ஹோட்டல்ல சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சில வருஷம் தட்டு தூக்கிக் காசு சேர்த்தார். சேர்ந்ததும் அதே அதிகாரிகிட்ட போய் அதே வண்டியை வாங்கினார்.

வாங்கினவர் ஊர் சுத்தப் போகல. முழுசா கழட்டினார். கழட்டி, என்ன எங்க இருக்குன்னு பார்த்து, திரும்ப மாட்டினார். மெஷின் டிராயிங், அசெம்பிளி வியூ எல்லாம் போர்டுல போட்டுத் தர ஆளிருந்தும் நமக்கு கியர் பாக்ஸ் குழப்பற நிலைமையில, அவருக்கு மேனுவல் படிச்சுக் காட்டக்கூட ஆள் இல்ல. கலங்கல் கிராமத்துல 1910-கள்ல ஒரு ஸ்பேனர் கிடைக்கறதே பெரிய விஷயமா இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். அந்த வண்டியை இன்னைக்கும் கோவையில அவர் பேர்ல இருக்கிற கண்காட்சியில வச்சிருக்காங்க.

மெக்கானிக்கா கொஞ்ச காலம். அப்புறம் திருப்பூர்ல பருத்தி அரைவை. முதல் உலகப்போர் நேரம், பருத்திக்கு நல்ல கிராக்கி, கையில நல்ல பணம் சேர்ந்தது. சேர்ந்த பணத்தோட பம்பாய் போனார். பெரிய ஊர், பெரிய மார்க்கெட், பெரிய லாபம்னு கணக்கு. அங்க பருத்தி வியாபாரிகளோட போட்டி போட்டு மொத்தத்தையும் விட்டுட்டு வந்தார்.

இந்தத் தோல்வியை எல்லாரும் ரெண்டு வரியில முடிச்சிடறாங்க. எனக்கு இது முக்கியமா படுது. மோட்டார் சைக்கிளைத் தொட்டார், திறந்தார், புரிஞ்சுது. அரைவை மெஷினும் அப்படித்தான். பம்பாய் மார்க்கெட்டைத் திறந்து பார்க்க ஸ்பேனர் கிடையாது. விலையை யார் ஏத்தறாங்க, எதுக்கு இறக்கறாங்கன்னு வெளியூர்லேருந்து போன ஆளுக்குக் கடைசியிலதான் தெரியும். மரக்காணத்துல உப்பு விலைக்கும் இதே கதைதான். பாத்தியில வேலை செய்யற அக்காக்கிட்ட கேட்டாலும் சொல்லத் தெரியாது, லாரி ஓட்டற அப்பாகிட்ட கேட்டாலும் தெரியாது. போன்ல ஒரு புரோக்கர் சொல்ற நம்பர்தான் அன்னைக்கு விலை.

திரும்பி வந்தவர் வேலைக்குப் போனார். கோவையில அப்ப ராபர்ட் ஸ்டேன்ஸ்னா பெரிய பேர். காபி, பருத்தி ஆலை, மோட்டார்னு பல தொழில் நடத்தின ஆங்கிலேயர். அவர்கிட்ட சேர்ந்த நாயுடுவை, சம்பளம் வாங்கற வேலையை விடச் சொந்தமா வண்டி ஓட்டுங்கிற பக்கம் தள்ளினதே ஸ்டேன்ஸ்தான். பஸ் விலையில ஒரு பங்குக்கு அவரே கடனும் கொடுத்தார். 1920-ல நாயுடு கைக்கு ஒரு பஸ் வந்தது. ரூட், பொள்ளாச்சியிலேருந்து பழனி. டிரைவர் வேற யாரும் இல்ல, அவரேதான்.

இங்க கொஞ்சம் நிக்கலாம். ஏன் பொள்ளாச்சி–பழனி?

மேப்பைத் திறந்து பாருங்க. போத்தனூர்லேருந்து பொள்ளாச்சிக்கு ரயில் 1915-லயே வந்துடுச்சு. ஆனா பொள்ளாச்சியிலேருந்து உடுமலை, பழனி வழியா திண்டுக்கல் போற லைன் திறந்தது 1928-ல. நடுவுல இருக்கிற இந்தப் பதிமூணு வருஷம், பொள்ளாச்சியில ரயிலை விட்டு இறங்கினவன் பழனிக்குப் போகணும்னா மாட்டுவண்டி. சுமார் அறுபத்தஞ்சு கிலோமீட்டர். ஒரு பக்கம் மாட்டுச்சந்தைக்கும் வெல்லத்துக்கும் பேர் போன பொள்ளாச்சி. இன்னொரு பக்கம் தைப்பூசம், பங்குனி உத்திரம்னு வருஷம் பூரா கூட்டம் வர முருகன் மலை. ரெண்டு பக்கமும் ஆள் நிறைய இருக்காங்க, நடுவுல தண்டவாளம் இல்ல. ரயிலோட மோத வேண்டாம், ரயில் முடியற இடத்துல ஆரம்பிச்சா போதும். இதை அவர் எவ்வளவு தூரம் கணக்குப் போட்டுச் செஞ்சாரோ, ஆனா மேப் சொல்ற கதை இதுதான்.

மரக்காணம் மேப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். எங்க ஊருக்கு இன்னைக்கு வரைக்கும் ரயில் கிடையாது. பக்கத்து ஸ்டேஷன்னா திண்டிவனம். ஆனா வெள்ளைக்காரன் காலத்துல எங்களுக்குன்னு ஒரு வழி இருந்தது. ஆந்திராவுல பெத்தகஞ்சம்லேருந்து சென்னை வழியா வர பக்கிங்ஹாம் கால்வாய் முடியற இடமே மரக்காணம்தான். 1876–78 தாது வருஷப் பஞ்சத்துல, பஞ்சத்துல அடிபட்ட ஜனங்களையே கூலிக்கு வச்சு சென்னை நகரத்துக்குள்ள கால்வாயை வெட்டி ரெண்டு பக்கத்தையும் இணைச்சாங்க. அப்ப கவர்னரா இருந்தவர் பேரை வச்சாங்க. எங்க ஊர் உப்பு படகுல ஏறி நேரா சென்னைக்குள்ள போய் இறங்கும். டிராஃபிக் இல்ல, நுழைவுத் தடை இல்ல. இன்னைக்கு அதே கால்வாய் சென்னைக்குள்ள எந்த நிலைமையில இருக்குன்னு பறக்கும் ரயில்ல போனவங்களுக்குத் தெரியும். படகு நின்னுது, லாரி வந்தது.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். 1920-ல ஒரு பஸ் ஓட்டறதுன்னா என்ன? சாவி திருப்பற வேலை இல்ல. முன்னாடி கைப்பிடியை விட்டு இன்ஜினைச் சுத்தணும், எதிர்ச்சுத்து வந்தா மணிக்கட்டு போயிடும். இன்ஜினும் சேஸிஸும் கப்பல்ல வரும், மேல மரத்துல பாடி இங்க கட்டுவாங்க. பெட்ரோல் டின்ல வரும். ரோடு ஜல்லியும் மண்ணும். டயர் எத்தனை நாள் தாங்கும்னு யாரும் சொல்ல முடியாது. நடு ரோட்டுல நின்னா போன் பண்ண மெக்கானிக் இல்ல. மெக்கானிக்கே ஓட்டினாத்தான் வண்டி ஊர் போய்ச் சேரும்.

அவருக்கு இருந்த பலமே அதுதான்னு நான் சொல்வேன். அந்தக் காலத்துல பஸ் வாங்கினவங்க நிறைய பேர் பணம் இருந்தவங்க. டிரைவர் சம்பளத்துக்கு வருவார், ரிப்பேருக்கு இன்னொருத்தர். வண்டி நின்னா மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காட்டுவாங்க. நாயுடு வண்டி நின்னா காட்டறதுக்கு அவரைத் தவிர வேற ஆள் கிடையாது. இன்ஜின் சத்தம் நேத்தைவிட இன்னைக்கு மாறியிருக்குன்னு தெரியறதும், அதைச் சரி பண்ணக் காசு போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதும் ஒரே மண்டை. இது நல்லதுதான், ஆனா ஆளைக் கொல்லும். எங்க வீட்டுல நான் பார்க்கறேன். ஓனரா அப்பாவுக்கு அடுத்த லோடு வேணும், டிரைவரா அப்பாவுக்குத் தூக்கம் வேணும். ஜெயிக்கிறது எப்பவும் ஓனர்தான்.

அப்ப ரூட் பர்மிட்னு இப்ப இருக்கிற மாதிரி ஒண்ணு கிடையாது. 1914 மோட்டார் வாகனச் சட்டம் பதிவு, லைசென்ஸ்னு அடிப்படை விஷயங்களோட நின்னுது. பர்மிட் முறை வந்தது 1939 சட்டத்துலதான். அதனால வண்டி வாங்கினவன் எல்லாம் ரோட்டுல. நாலு பஸ் ஒரே இடத்துல நின்னு ஆளைப் பிடிச்சு இழுக்கறது, சீட்டு நிறையற வரைக்கும் கிளம்பாம உக்கார்றது, கிளம்பினதும் முன்னாடி போறவனை முந்தறது. ஷேர் ஆட்டோ ஏறின எல்லாருக்கும் இது தெரியும். சீட்டு நிறையட்டும்னு நிக்கற வண்டிக்காரன் தன் நஷ்டத்தைப் பயணி தலையில கட்டறான். ஏற்கெனவே உள்ள உக்காந்திருக்கிற எட்டு பேரோட நேரம், இன்னும் வராத நாலு பேருக்காகப் போகுது.

நாயுடுவோட யு.எம்.எஸ். இதுக்கு நேரெதிர் பக்கம் போனது. ஒரு பஸ் சில வருஷத்துல பல பஸ் ஆச்சு, யு.எம்.எஸ். பேர்ல கோவை வட்டாரம் பூரா ஓடிச்சு. நாட்டுலயே ஒழுங்கா நடக்கிற பஸ் கம்பெனிகள்ல ஒண்ணுன்னு பேர் வாங்கிச்சு. அவரோட நேர ஒழுங்கு பத்தி கோவையில சொல்லாத ஆள் கிடையாது. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தி வர்றவங்களை அவருக்குப் பிடிக்காது. அதே குணத்தை பஸ் மேலயும் ஏத்தினார்னு எடுத்துக்கலாம். நேரத்துக்கு எடுத்தா முதல் மாசம் பாதி சீட்டு காலியா போகும். அந்த நஷ்டத்தை முதல்ல தாங்கினவனுக்குத்தான் அப்புறம் ஆள் காத்திருப்பாங்க. ஒரு வண்டி மட்டும் வச்சிருக்கிறவனுக்கு இந்த முதல் மாசம்தான் கண்டம். டியூ தேதி காலி சீட்டைப் பார்த்துத் தள்ளிப் போகாது.

நேரத்துக்கு ஓடணும்னா வண்டி நல்லா இருக்கணும். இங்கதான் அவர் இன்ஜினியரா மாறறார். யு.எம்.எஸ்.க்கு ஒர்க்‌ஷாப் வந்தது. அதுல பஸ்ஸை மட்டும் பார்க்கல, பஸ்ஸைப் பார்க்கிற கருவிகளையும் செஞ்சார். இன்ஜின் அதிர்வைச் சோதிக்கிற ஒரு கருவி, டிக்கெட் கொடுக்கிற ஒரு மெஷின், இதெல்லாம் அவர் பேர்ல சொல்லப்படுது. அதிர்வைச் சோதிக்கிறது இப்ப நமக்கு ஏழாவது செமஸ்டர் எலெக்டிவ். கண்டிஷன் மானிட்டரிங்னு தனிப் புத்தகமே இருக்கு. வண்டி உடைஞ்சப்புறம் சரி பண்றதுக்கும் உடையப் போகுதுன்னு முன்னாடியே கண்டுபிடிக்கிறதுக்கும் இருக்கிற வித்தியாசம்தான் அந்தப் பாடத்தோட மொத்த சாரம். டிக்கெட் மெஷின் விஷயமும் அதே மாதிரி. முதலாளியே ஓட்டற வரைக்கும் காசு எண்ண அவர் கை போதும். பத்து பஸ் ஆனதும் ஒவ்வொரு பஸ்லயும் அவர் உக்கார முடியாது. தன் இடத்துல ஒரு மெஷினை உக்கார வச்சார்.

இதைப் படிச்சிட்டு எங்க லாரிக்கு அடியில படுத்துப் பார்த்தேன். உப்பு லாரியோட எதிரி உப்புதான். மூட்டையிலேருந்து கசியற உப்புத்தண்ணி பிளாட்பாரம் வழியா இறங்கி சேஸிஸ், ஸ்பிரிங் பட்டை, ஒயரிங்னு எல்லாத்தையும் தின்னும். உப்புக் கரைசல் கரன்ட்டை நல்லா கடத்தும், குளோரைடு அயனி இரும்பு மேல இருக்கிற பாதுகாப்புப் படலத்தை உடைக்கும். கெமிஸ்ட்ரி லேப்ல ரெண்டு மார்க் கேள்வி, எங்க வீட்ல வருஷா வருஷம் எஃப்.சி.க்கு முன்னாடி வெல்டிங் செலவு. இறக்கி முடிச்சதும் நல்ல தண்ணியில அடிச்சுக் கழுவி, பழைய இன்ஜின் ஆயில் பூசறது அப்பா கண்டுபிடிச்ச வைத்தியம். ஆனா சென்னையில விடியறதுக்குள்ள இடத்தைக் காலி பண்ற அவசரத்துல பாதி நாள் கழுவறதே இல்ல. நின்ன நேரம் வாடகையை மட்டும் தின்னலை, இரும்பையும் தின்னிருக்கு.

சைடுல ஒண்ணு. உப்பு ஏத்தற வண்டிக்காரன் ரெண்டாயிரம் வருஷமா ஜாக்கிரதையாத்தான் இருந்திருக்கான். சங்க காலத்துல உமணர்னு உப்பு வணிகர்கள் மாட்டுவண்டியில குடும்பத்தோட உள்நாட்டுக்குப் போவாங்க. வழியில அச்சு முறிஞ்சா மாட்டறதுக்கு வண்டிக்கு அடியிலயே இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துட்டுப் போவாங்க. சேம அச்சுன்னு பேர். புறநானூத்துல ஔவையார் ஒரு அரசனுக்கு உவமையா இதைச் சொல்றாங்க. தமிழ் மன்றத்துல இதைச் சொன்னப்ப எங்க டிபார்ட்மென்ட் பசங்க ஸ்டெப்னின்னு கத்தினாங்க. சரியாத்தான் கத்தினாங்க.

பஸ்ஸுக்கு அப்புறம் வந்த நாயுடுவை உங்களுக்கே தெரியும், வேகமா போயிடறேன். 1937-ல கோவை பீளமேட்டுல அவரோட நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ்லேருந்து இந்தியாவுல தயாரான முதல் எலெக்ட்ரிக் மோட்டார் வெளிய வந்தது. டி.பாலசுந்தரம் நாயுடுவும் கூட இருந்து உருவாக்கினது. கோவை மோட்டார் பம்புக்குப் பேர் போன ஊரா மாறின கதை இங்கேருந்து ஆரம்பிக்குது. பேட்டரியில ஓடற சின்ன ஷேவிங் ரேசர், ரொம்ப மெலிசான பிளேடு, மண்ணெண்ணெய்ல ஓடற ஃபேன், ஜூஸ் பிழியற கருவி, கள்ள ஓட்டு போட முடியாத ஓட்டு மெஷின். பருத்தியிலயும் பப்பாளியிலயும் புது ரகம். காலையில அஸ்திவாரம் போட்டு சாயங்காலம் முடிச்ச வீடு. 1936-ல லண்டன்ல ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவுல படம் பிடிச்சார். அதே காலகட்டத்துல தேர்தல்ல நின்னு தோத்தார். 1952-ல ரெண்டு பேர் உக்கார்ற கார், விலை ரெண்டாயிரம் ரூபாய்ன்னார். லைசென்ஸ் கிடைக்கல, கார் நின்னுது.

லைசென்ஸும் வரியும் அவரைக் கடைசி வரைக்கும் துரத்தினது. ஒரு கட்டத்துல கோபம் தாங்காம, தான் செஞ்ச பொருள்களைப் பொதுமேடையில வச்சுத் தானே உடைச்சுக் காட்டினார். அவருக்கு நெருங்கின நண்பரான பெரியாருக்குக்கூட இது பிடிக்கல. எனக்கும் மனசு வரல. ஒரு ரேடியோ என்ன தப்பு பண்ணுச்சு? ஆனா ஒரே ஆளா எல்லாத்தையும் செஞ்சு பழகினவருக்கு, தன் கையில இல்லாத ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கறது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சா கொஞ்சம் புரியுது. சந்துக்கு வெளிய லாரியில உக்காந்து விடியறதைப் பார்த்துட்டு இருக்கிற அப்பா மூஞ்சி ஞாபகம் வரும்.

இப்ப முதல்ல சொன்ன காலேஜ் கதை. 1945-ல கோவையில ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியும் அவர் கொடுத்த உதவியில ஆரம்பிச்சுது. அப்ப மெட்ராஸ் கவர்னர் பேர் அது. நமக்கெல்லாம் ஜி.சி.டி.ன்னு தெரிஞ்ச அரசு தொழில்நுட்பக் கல்லூரியோட பழைய பேர் இதுதான். நாயுடுவே முதல்வர். ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத ஆள்! அவரோட வாதம் எளிமையானது. நாலு வருஷம் எதுக்கு? மெஷினைக் கையில கொடுத்துச் சொல்லிக் கொடுத்தா ரெண்டு வருஷத்துல பையன் தயாராகிடுவான், மிச்ச ரெண்டு வருஷம் வீண். அரசாங்கம் ஒத்துக்கல. அடுத்த வருஷமே அவர் பதவியை விட்டு விலகினார்.

இந்த விஷயத்துல நான் முழுசா அவர் பக்கம் இல்ல. தெர்மோடைனமிக்ஸும் ஃபெட்டிக் தியரியும் ஸ்பேனர் பிடிச்சா மட்டும் வராது. ஸ்பிரிங் பட்டை ஏன் எப்பவும் அதே இடத்துல உடையுதுன்னு அப்பாவுக்கு முப்பது வருஷமா தெரியும், ஏன்னு தெரியாது. எனக்கு ஏன்னு தெரியும், மூணு வருஷம் படிச்சதால. ஆனா அந்த மூணு வருஷத்துல ஒரு பட்டையையும் நான் கழட்டினதில்ல. லீவுல அப்பாதான் கழட்டச் சொல்லிக் கொடுத்தார். ரெண்டு வருஷமா நாலு வருஷமாங்கறது அவர் கேட்ட கேள்வியோட ஒரு பாதிதான். அந்த வருஷங்கள்ல மெஷின் எத்தனை நாள் கைக்கு வருதுங்கறது இன்னொரு பாதி. அதுக்கு நம்ம லேப் ரெக்கார்டைப் பார்த்து நீங்களே பதில் சொல்லிக்கங்க.

1974 ஜனவரி 4-ந்தேதி நாயுடு இறந்தார். எண்பது வயசு. அவிநாசி ரோட்டுல அவர் பேர்ல இருக்கிற கண்காட்சிக்குப் பக்கத்துலயே பழைய கார்களுக்கு ஒரு மியூசியமும் இருக்கு. ஐ.வி. போறப்ப கோவைப் பக்கம் போனா பாருங்க. எல்லாரும் ரேசரையும் கால்குலேட்டரையும் பார்ப்பாங்க. நீங்க மோட்டார் சைக்கிள் முன்னாடி ரெண்டு நிமிஷம் நில்லுங்க.

வீட்டு விஷயம் என்னாச்சுன்னு கேப்பீங்க. பதினோரு டிரிப் நோட்டை அப்பாகிட்ட காட்டினேன். நாயுடு கதை எதுவும் சொல்லல, சொன்னா எடுபடாது. நின்ன நேரத்தை மட்டும் தனி காலத்துல எழுதிக் கூட்டி வச்சிருந்தேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். ரெண்டு இடத்துல என் கணக்கைத் திருத்தினார், அந்த நாள் இன்னும் ஒரு மணி நேரம் கூட நின்னோம்னு. அம்மா சின்ன வண்டிக்கு மாச டியூ எவ்வளவு வரும்னு மட்டும் கேட்டாங்க. நான் சொன்ன தொகைக்கு அவங்க டயர், இன்சூரன்ஸ், நான் சாப்பிடற சோறு எல்லாம் சேர்த்து வேற தொகை சொன்னாங்க. அவங்க சொன்னதுதான் சரி.

முடிவு இப்ப இப்படி நிக்குது. இன்டர்வியூல உக்காரணும், அது கண்டிப்பு. வண்டி வாங்கறதில்ல. ஆனா உப்பு சீசன் முடியற வரைக்கும் வாரக்கடைசியில ஒரு வாடகை மினி லாரியை எடுத்து, ஊருக்கு வெளியவே லோடு மாத்தி, சந்துக்குள்ள நான் கொண்டு போய் இறக்கணும். இருபது டிரிப் ஆனதும் நோட்டைத் திரும்பப் பார்க்கலாம். அக்டோபர்ல மழை விழுந்தா பாத்தி எல்லாம் தண்ணியில போயிடும், அப்புறம் தை வரைக்கும் லோடு இல்ல. அதனால கையில இருக்கிறது கொஞ்ச வாரம்தான். இதை எழுதற இன்னைக்கு நாலாவது டிரிப் முடிஞ்சிருக்கு. மூணு டிரிப் விடியறதுக்கு முன்னாடியே இறக்கியாச்சு. நாலாவதுல ஒரு சந்துல ரிவர்ஸ் எடுக்கறப்ப கண்ணாடி போச்சு. அதையும் அம்மா நோட்டுல ஏத்திட்டாங்க, என் பேர்ல.